ஜன்னலோரக் கட்டில்

வார்டு சிஸ்டருக்கு ஆஸ்பத்திரியில் ‘டிராஃபிக் போலீஸ்’ என்று பட்டப்பெயர். பின்னே? குணமானவர்கள் மருந்துக்கும் பில்லுக்கும் காத்துக்கொண்டு சாயங்காலம்வரை கட்டிலை அடைத்துக்கொண்டிருப்பார்கள்; வலியில் துடிக்கிறவர்கள் நடைபாதையில் ஸ்ட்ரெச்சரில் கிடப்பார்கள். இந்த அநியாயத்தைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துதான், உடைந்த கட்டில்கள் குவிந்து கிடந்த அறையைக் கழுவித் துடைத்து, நாற்காலி போட்டு, ‘வழியனுப்பும் அறை’ ஆக்கினாள். குணமானவர்கள் காலையிலேயே அங்கே போய் உட்கார்ந்துவிட வேண்டும். மருந்தும் பில்லும் அவர்களைத் தேடி வரும்.

இன்று பரீட்சை. மத்தியானம் பெரிய டாக்டர் வரும்போது நடைபாதையில் ஒரே ஒரு நோயாளி கிடந்தாலும் போச்சு, அறை மறுபடி உடைசல்களுக்குத்தான்.

அடடா, என்ன ஜோர்! கட்டில்கள் மளமளவென்று காலியாயின. புது ஆட்கள் வந்து படுத்தார்கள். காலை முறித்துக்கொண்ட பஸ் டிரைவர் மட்டும்தான் நடைபாதையில் மிச்சம். அவருக்கு ஒதுக்கியிருந்தது ஜன்னலோரக் கட்டில். அதில் பசை போட்டு ஒட்டினாற்போல் படுத்திருந்தது யார்? சாட்சாத் சிஸ்டரின் மாமியார்! காய்ச்சல் விட்டு நாளாகிவிட்டது.

“அத்தை, எழுந்திருங்க. என் மானம் போகுது.”

“எனக்கு இன்னும் ஒரு மாதிரியா இருக்கு.”

“என்ன மாதிரி?”

“அதான், ஒரு மாதிரி.”

பக்கத்துக் கட்டில்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். “ஊருக்குத்தான் உபதேசம் போல, சிஸ்டர்!”

கொஞ்ச நேரத்தில் மாமியார் பாத்ரூம் போனாள். அவ்வளவுதான், சிஸ்டருக்குக் குஷி தலைக்கேறிவிட்டது. கட்டிலைத் துடைத்தாள், புது விரிப்பு விரித்தாள், ஆயாவைக் கூப்பிட்டு டிரைவரைத் தூக்கிப் படுக்க வைத்தாள்.

திரும்பி வந்த மாமியார் அலறினாள். “ஐயையோ, என் கட்டில்ல யாரு இந்தத் தடியன்?”

“நீங்க இறங்குற இடம் வந்தாச்சும்மா,” என்றார் டிரைவர்.

வார்டே குலுங்கியது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. 

“இங்க படுத்திருந்தா நெத்தியைத் தொட்டுப் பாத்து, ‘சாப்பிட்டீங்களா அத்தை’ன்னு கேக்குற. வீட்டுல உன் மூஞ்சியைப் பாத்து எத்தனை நாளாச்சு? நீ வர்றப்ப நான் தூங்கிப்போயிடுறேன்.”

சிஸ்டருக்குச் சுருக்கென்றது. பாவி, இது தெரியாமல் போயிற்றே!

வாசலில் பெரிய டாக்டர் நின்றிருந்தார். நடைபாதை வெறிச்சென்று இருந்தது. “அறை இருக்கட்டும் சிஸ்டர்,” என்றார்.

“அது சரி டாக்டர், ஊரையெல்லாம் நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்புறா. இவளை யாரு அனுப்புறது?” என்றாள் மாமியார்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “ஷிஃப்ட் முடிஞ்சதும் இவங்களுக்கும் டிஸ்சார்ஜ்!”

மாமியார் வழியனுப்பும் அறையில் போய் உட்கார்ந்தாள். மருந்து வந்தது, பில் முடிந்தது, ஆள் அசையவில்லை. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்தும் சிஸ்டர் இன்னொரு வேலையில் கை வைக்கப்போக, மாமியார் பையோடு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கிளம்புடி. அடுத்த ஆளுக்கு இடம் விட வேணாமா?”