மண் படாத வெற்றி

...இன்னும் ஒருத்தன்தான் பாக்கி, அந்த மாண்டினியா ஊர் டெய்னிஸ், அவனும் விலகிவிட்டால் போதும், ஸீயஸ் சாமிக்கு ஒரு காளை வெட்டுகிறேன் என்று லாம்போன் மனசுக்குள் வேண்டிக்கொண்டான், காளைக்கு எங்கே போவது, சரி, ஒரு கிடா, நல்ல கொழுத்த கிடா... ஒலிம்பியா வெயில் மண்டையைப் பிளந்தது, ஆனாலும் மனசு குளுகுளுவென்று இருந்தது, பயிற்சியாளர் பொல்லிஸ் எண்ணெயை அள்ளித் தேய்த்துக்கொண்டிருந்தார், பலிபீடத்திலிருந்து இறைச்சி வாசம் வந்தது. காலையில் இவன் உடுப்பைக் களைந்து நின்றதுதான் தாமதம், மற்ற மல்லர்கள் ஒவ்வொருத்தராக நடுவர்களிடம் போய்த் தலையைச் சொறிந்தார்கள், ஒருத்தனுக்கு வயிறு சரியில்லையாம், ஒருத்தனுக்குக் கெட்ட கனவாம், இந்த உடம்பைப் பார்த்தால் கனவு மட்டுமா வரும். எல்லாரும் ஒதுங்கிவிட்டால் கட்டியக்காரன் எழுந்து, மண் படாமல் வென்றவன் என்று கூவுவான், மல்லனுக்கு அதைவிடப் பெரிய பெயர் கிடையாது. வலது தோள் விஷயம் மட்டும் இவர்களுக்குத் தெரிந்தால்? எலிஸ் நகரத்திலிருந்து மல்லர்கள் எல்லாரும் ஒன்றாக நடந்து வந்தபோது வழியில் ஒரு மாட்டுவண்டி சேற்றில் புதைந்துகொண்டது, பெரிய பலசாலி என்று இவன் ஒரு சக்கரத்துக்குத் தோள் கொடுத்தான், உள்ளே என்னவோ மளுக்கென்றது, அன்றிலிருந்து கையை நெஞ்சுக்கு மேலே தூக்க முடியவில்லை. பொல்லிஸிடம்கூடச் சொல்லவில்லை, வாசலைப் பார்த்தால் கோட்டை, உள்ளே கதவு கழன்று தொங்குகிறது, இதை யாரிடம் சொல்வது.

மிர்ட்டோ இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள், கிளம்பும்போது மடியில் ஏறிக்கொண்டு எப்படிப்பா ஜெயிப்பே என்று துளைத்து எடுத்தாளே, மூணு தடவை கீழ தள்ளினா ஜெயிச்சாச்சு கண்ணு, கடிக்கக் கூடாது, கண்ணைக் குத்தக் கூடாது என்று சொன்னான், உடனே, கிச்சுகிச்சு மூட்டலாமாப்பா? அதற்கு நடுவர்களிடமே பதில் இருக்காது. பரிசு வெறும் ஆலிவ் இலையா, ஆடு தின்னுடுமே என்று வேறு கவலைப்பட்டாள், என் தங்கமே, ஆடு எட்டாத இடத்தில் மாட்டி வைப்போம்... பொல்லிஸின் கை வலது தோளில் ஏறியது, உயிர் போய் வந்தது, லாம்போன் இருமி மழுப்பினான். "என்னடா, புது மாப்பிள்ள மாதிரி கூசுற?" என்றார் அவர்.

அப்போதுதான் டெய்னிஸ் வந்தான், இளம் வயசு, போர்வையைக்கூடக் கழற்றவில்லை. "அண்ணே, நான் வரல. நடுவர்கிட்ட சொல்லிட்டேன்."

"ஏம்ப்பா, என்ன ஆச்சு?"

"உங்ககிட்ட மாட்டினா எங்கம்மா போட்ட சோறெல்லாம் வீணாப் போயிருமே!" என்று சிரித்தான். கூட்டத்திலிருந்து எவனோ, "தொடை நடுங்கி! போய் ஆடு மேய்டா!" என்று கத்தினான், பையன் முகம் சிவந்தது, ஆனாலும் கிட்டே வந்து லாம்போனைக் கட்டிக்கொண்டான், இடுப்பைச் சுற்றி ஒரு கை, இடது தோளில் கன்னம், வலது பக்கம் ஒரு விரல்கூடப் படவில்லை.

கட்டியக்காரன் கூவினான், கூட்டம் ஆர்ப்பரித்தது, பொல்லிஸ் குழந்தை மாதிரி குதித்தார், லாம்போனுக்குக் கண் கலங்கியது, சந்தோஷம்தான், பொய்யில்லாத சந்தோஷம், வலியை யாரும் பார்க்கவில்லை, சாயங்காலம் விருந்து, ஊரில் மிர்ட்டோ... வளைந்த வெண்கலச் சுரண்டியால் பொல்லிஸ் உடம்பை வழித்தார், எண்ணெய் மட்டும் வந்தது, துளி மண் இல்லை. அந்தப் பையன் ஏன் வலது தோளைத் தொடவில்லை, தற்செயலா, அன்றைக்கு வண்டியின் அடுத்த சக்கரத்தைத் தள்ளினவன் முகமெல்லாம் சேறு, யாரென்றே தெரியவில்லை, வலிக்குதாண்ணே என்று அவன் கேட்டதும், போடா வேலையப் பாத்து என்று இவன் சீறியதும்... அண்ணே. அதே குரல். அவனுக்குத் தெரியும். ஒரே இழுப்பில் என்னைச் சாய்த்து, இலையைச் சூடிக்கொண்டு போயிருக்கலாமே, எதற்கு அந்த ஏச்சை வாங்கிக்கொண்டு போகிறான்? யாரைப்பா தள்ளினே என்று மிர்ட்டோ கேட்பாள், யாரையும் தள்ளலை கண்ணு, அப்பா மேல மண்ணே படலை... அப்படியென்றால் வண்டிக்கடியில் நாங்கள் இரண்டு பேரும் பூசிக்கொண்ட அந்தச் சேறு?