காலில் கம்பியோடு

பெருமாயி கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே வந்தபோது மரவள்ளிக் கொல்லைப் பக்கமிருந்து அலறல் கேட்டது. யாரோ பெண்பிள்ளை அழுகிறாள் என்று நினைத்துத்தான் ஓடினாள். மேட்டோரத்து வேங்கை மரத்தடியில் ஒரு காட்டுப்பன்றி மாட்டியிருந்தது. தாய்ப்பன்றி. பைக் கிளட்ச் வயரில் செய்த கண்ணி அதன் முன்னங்காலில் இறுகியிருக்க, வயரின் மறுமுனை மரத்தில் கட்டியிருந்தது. இழுத்து இழுத்துச் சுற்றியதில் மண் வட்டமாகக் குழிந்துவிட்டது. முதுகில் கோடு போட்ட குட்டிகள் புதருக்கும் தாய்க்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தன.

கண்ணியை வைத்தவன் அவள் புருஷன் சக்கரவர்த்தி. வைக்கச் சொன்னவள் அவள்தான். போன வருஷம் கிழங்கு பெருக்கும் சமயத்தில் பன்றிக்கூட்டம் இறங்கிப் பாதிக் கொல்லையைக் கிண்டிப் போட்டுவிட்டது. இந்த வருஷமும் இப்படிப் போனால் கேரளாவுக்கு மிளகு பறிக்கத்தான் போகவேண்டும், ஏதாவது செய்யுங்கள் என்று அவனை நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

சக்கரவர்த்தி அன்றைக்குத் தன் அண்ணன் செல்லமுத்துவோடு மோட்டாரைப் பழுதுபார்க்கக் கச்சிராயபாளையம் போயிருந்தான். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். ஏறிப் போன் போட்டாள். கிட்டே போகாதே, யாரிடமும் மூச்சு விடாதே, ஃபாரஸ்ட்டுக்குத் தெரிந்தால் கேஸாகிவிடும், சாயங்கால பஸ்ஸில் வந்து நானும் அண்ணனும் பார்த்துக்கொள்கிறோம் என்றான்.

"அதுவரைக்கும் அப்பிடியேவா கிடக்கும்?"

"வேற இன்னா பண்றது? நீ வூட்டுக்குள்ள போய்க் கதவ சாத்திக்கோ."

வீட்டில் கஞ்சி அடிப்பிடித்திருந்தது. அவளால் உட்கார முடியவில்லை. பெருக்கின வாசலையே மறுபடி பெருக்கினாள். அலறல் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டாள். நின்றால் செத்துவிட்டதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தாள். வெயில் ஏறியதும் ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றி, நீளக் கழியால் அதன் பக்கம் தள்ளிவிட்டாள். பன்றி அதைக் கவிழ்த்துப் போட்டது. அப்போதுதான் அதன் வாயெல்லாம் ரத்தமாக இருப்பதைப் பார்த்தாள். வயர் அறுபடாததால் அது தன் காலையே கடித்துக்கொண்டிருந்தது.

அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. பெட்டியிலிருந்த கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்பக்கமாகப் போனாள். வயரை இழை இழையாக அறுத்தாள். கடைசி இழை விட்டதும் பன்றி விழுந்து எழுந்தது. அவளை உரசிக்கொண்டு ஓடியதில் அவள் மல்லாந்து விழுந்தாள். எழுந்து பார்த்தபோது அது குட்டிகளோடு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அறுந்த வயர் காலோடு இழுபட்டுக்கொண்டே போனது.

பாரம் இறங்கினாற்போல இருந்தது. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் வந்தவர்களிடம் எதையும் மறைக்கவில்லை. செல்லமுத்து முணுமுணுத்துக்கொண்டே தன் வீட்டுக்குப் போய்விட்டான். சக்கரவர்த்தி கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மரத்தடிக் குழியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"கால்ல இருந்த கண்ணி?"

"அதோடவே போச்சுங்க."

"அது நடக்க நடக்க இறுகும், பெருமாயி. நான் வந்திருந்தா ஒரே வெட்டுல போயிருக்கும். இப்ப நாள் கணக்கா சாவும்."

வைத்தது நீங்கள்தானே என்று கேட்க வாயெடுத்தாள். வைக்கச் சொன்னது தான்தான் என்பது நினைவுக்கு வர, கவிழ்ந்து கிடந்த பேசினை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அன்றிலிருந்து விறகு பொறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மேடெல்லாம் சுற்றினாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள். கடைசியில் ஓடையோரத்தில் அதைக் கண்டுபிடித்தாள். பாதம் வீங்கி, வயர் சதைக்குள் புதைந்திருந்தது. அவளைப் பார்த்தும் அது எழுந்து ஓடவில்லை. குட்டிகள் வறண்ட மடியை முட்டிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் ஃபாரஸ்ட்டு ஆபீசுக்குப் போய்ச் சொல்லப்போவதாகச் சொன்னாள்.

"கேஸ் போட்டா மாட்டறது நான்."

"நானும்தான் கூட நிக்கப்போறன்."

அவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். மறுநாள் காலையில் அவள் கிளம்பும்போது பார்த்தால், சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். ஓடைக்குப் போகிற குறுக்குவழியை ஃபாரஸ்ட்டுக்காரர்களுக்குச் சரியாகச் சொல்ல அவளுக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னான்.

ஃபாரஸ்ட்டு கார்டு பிரவீன்குமார் சின்ன வயசுக்காரர். அதட்டவில்லை, இன்னும் எங்கெங்கே கண்ணி இருக்கிறது என்று கேட்டார். சக்கரவர்த்தியே கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தான். மலைக்குக் கீழேயிருந்து கால்நடை டாக்டர் வருவதற்கு இன்னும் ஒரு நாள் ஆனது. அந்த ஒரு நாளும் பெருமாயி ஓடைக்கும் ரோட்டுக்குமாக நடந்தாள்.

டாக்டர் தூரத்திலிருந்தே மயக்க ஊசி போட்டு, பன்றி சாய்ந்ததும் கிட்டே போய்க் காலைத் தூக்கிப் பார்த்தார். எலும்பு வரைக்கும் அழுகிவிட்டது, விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது, உயிரோடு வைத்திருந்தால் வதைதான் என்றார். போனில் மேலதிகாரிகளைக் கேட்டுக்கொண்டு இன்னொரு ஊசி போட்டார். விலா ஏறி இறங்குவது நிற்கும்வரை பெருமாயி அங்கேயே நின்றாள். பிறகு கேட்டாள்.

"அறுத்து வுட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா பொழைச்சிருக்குமா, சார்?"

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே அவளை ஒருதரம் பார்த்தார். "அறுக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா நல்லாவே பொழைச்சிருக்கும்மா."

குட்டிகள் புதருக்குள் ஓடிவிட்டன. கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும் என்று பிரவீன்குமார் சொன்னார். சேராவிட்டால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கேஸ் எழுதினார்கள். அபராதம் கட்டச் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது சக்கரவர்த்தி, கிழங்கு பிடுங்குகிறவரைக்கும் என்ன செய்வது என்று கேட்டான். காவல்தான் இருக்கவேண்டும் என்றாள். எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டான். வீட்டுக்கு வந்ததும் அவள் தட்டி விரட்ட ஒரு பழைய தகரத்தைத் தேடி எடுத்து வைத்தாள்.

அந்த வாரமே ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் கூட்டம் இறங்கியது. பெருமாயி தகரத்தை அடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வரப்பில் ஓடினாள். பன்றிகள் மண்ணைக் கிளப்பிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடின. விரட்டிக்கொண்டே அவற்றின் கால்களைப் பார்த்தாள். எதுவும் நொண்டவில்லை. நடுவில் கோடு போட்ட சின்ன முதுகுகள் தெரிந்த மாதிரி இருந்தது. நிச்சயமாகப் பார்த்துவிடலாம் என்று அடிப்பதை நிறுத்தினாள். நிறுத்தியதும் பின்னால் வந்த இரண்டு கொல்லைப் பக்கம் திரும்பின. மறுபடி அடிக்கத் தொடங்கினாள்.