இடுப்புக் கயிறு

நாங்கள் குடியிருக்கும் சரக்குப் படகில் பிள்ளைக்கு நடை வந்ததுமே இடுப்பில் கயிறு கட்டிவிடுவோம். மறுமுனை மேல்தளத்துக் கம்பியில். ரைன் ஆற்றில் விழுந்தால் தேடி எடுக்க முடியுமா? என் மகள் வில்ட்ரூட் ஆறு வயதுவரை அப்படித்தான் வளர்ந்தாள்.

"நான் என்ன நாயாம்மா?"

"நாய்க்கு நீச்சல் தெரியும்டி. வாய மூடு."

முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தேன். "தண்ணிகிட்ட போனா மொதல்ல கட்டு. அப்புறமா எட்டிப் பாரு." அவிழ்க்க மட்டும் சொல்லித்தரவில்லை. தெரிந்தால் ஓடிவிடுவாளே!

ஈஸ்டர் முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. படகுக்காரர் பிள்ளைகளுக்கு ரூரோர்ட் துறைமுகத்தில் கன்னியாஸ்திரிகள் விடுதிதான் கதி. பள்ளியில் சேரும் நாளில் எல்லாப் பிள்ளைக்கும் தரும் மிட்டாய் நிரப்பிய காகிதக் கூம்பைக் கையில் கொடுத்தேன். கயிற்றை அவிழ்த்தேன். "இனிமே கட்ட மாட்டேன், போதுமா?" என்றேன். கூம்பை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்கு அழுகை, எனக்குக் கோபம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"ஒரு வாரம் பாக்க வராதீங்க. அப்பத்தான் பழகும்" என்றார் விடுதிக் கன்னியாஸ்திரி சகோதரி அடெல்குண்ட்.

படகில் நிலக்கரி கொட்டி முடிக்கும்வரை அதே துறைமுகத்தில் கிடந்தோம். இரும்பு உலைப் புகை, கரித்தூள், எதிர்க்கரையில் விடுதியின் ஜன்னல். துவைத்த துணியெல்லாம் கறுத்தது. அந்த ஜன்னலில் என்னால் எதையும் பார்க்க முடியவில்லை.

ஒரு காலையில் புறப்பட்டோம். எங்கள் படகுக்கு எஞ்சின் கிடையாது. முன்னால் போகும் இழுவைக் கப்பலின் இரும்பு வடம் இழுத்த பக்கம் போகவேண்டும். துறைமுக வாயைத் தாண்டும்போது கரை விளிம்பில் பார்த்தேன். வில்ட்ரூட்! இரவு உடையோடு ஓடி வந்திருக்கிறாள்.

"ஹெரிபெர்ட்! நிறுத்து! புள்ள நிக்குது!"

சுக்கான் பிடித்திருந்த என் கணவன் வெளுத்துப்போனான். "நான் எப்படிடி நிறுத்துவேன்? வடம் இழுவைக் கப்பல்காரன்கிட்ட இருக்கு!"

படகு கட்டும் இரும்புத் தூணில் தன் கம்பளிக் கழுத்துத்துணியைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் முடிந்திருந்தாள். எங்கள் படகு நகர்வதைக் கண்டதும் கூடவே ஓடப் பார்த்தாள். துணி இழுத்துப் பிடித்தது. இரண்டு கையாலும் முடிச்சைப் பிய்க்க முயன்றாள்.

"அம்மா! அவுத்து விடும்மா!"

தூரத்தில் சகோதரி ஓடி வந்துகொண்டிருந்தார். அவர் வருமுன் பிள்ளை தண்ணீரில் இறங்கிவிட்டால்? தொண்டை கிழியக் கத்தினேன்.

"அவுக்காதடி! அப்படியே நில்லு!"

கையை எடுத்துவிட்டாள். அசையாமல் நின்றாள். சகோதரி வந்து குனிந்து முடிச்சோடு போராடினார். அது நான் சொல்லிக்கொடுத்த முடிச்சு. பாலத்தூண் மறைக்கும்வரை பார்த்தேன், அவிழவில்லை.