புளொப்பியில் இருந்த றுஸ்னா

தங்கையின் முகம் நஸ்லியாவுக்கு மறந்துபோயிருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. குடும்பத்தில் றுஸ்னாவின் கதை வந்தால் மற்றவர்களோடு சேர்ந்து அவளும் "தங்கமான புள்ள" என்று பெருமூச்சு விடுவாள். ஆனால் தொழுதுவிட்டு முசல்லா விரிப்பில் கண்ணை மூடி இருக்கும்போது சடை வரும், கட்டைப் பாவாடை வரும், வாசலில் செருப்பை உதறிவிட்டு ஓடும் கால் வரும். முகம் வரவேண்டிய இடத்தில் தன் மூத்த மகளின் முகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெற்ற மகளின் மேலேயே அப்போது அவளுக்குக் கோபம் வரும்.

றுஸ்னா பதினாறு வயதில் காய்ச்சலில் மௌத்தானவள். இருந்த நாலைந்து போட்டோக்களைப் பிறகு சுனாமி அலுமாரியோடு கொண்டுபோனது. மையவாடியிலும் அவளுடைய இடம் இன்னதென்று இப்போது சொல்ல முடியாது. கடல் வந்த அந்த நாட்களில் பழைய கப்றுகளின் மேலேயே புதிதாகத் தோண்டியிருந்தார்கள்.

அதனால்தான், காலமான அண்ணன் ஸஜாத் காக்காவின் சாமான்களை ஒதுக்கியபோது கிடைத்ததென்று அவர் மனைவி சம்மாந்துறை மதினி ஒரு பழைய கம்பியூட்டர் புளொப்பியைக் கொடுத்தனுப்பியதும், நஸ்லியாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஒட்டியிருந்த தாளில் காக்காவின் கையெழுத்தில் 'றுஸ்னா' என்றிருந்தது.

றுஸ்னா இருந்த காலத்தில் காக்கா குவைத்திலிருந்து கொண்டுவந்தது ஒரு சின்னக் கம்பியூட்டர். டீவியில் பொருத்திப் பார்ப்பது. விசைகளில் அறபு எழுத்து இருந்ததால், கால் படும் இடத்தில் அதை வைக்க உம்மா விடமாட்டா. அதில்தான் காக்கா றுஸ்னாவை வரைந்தார். அம்புக்குறி விசையைத் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாக, ஒரு நோன்பு மாதம் முழுக்க. மெசினில் இருந்த நிறங்கள் கொஞ்சம். ஆள் நிறம் அதில் இல்லை. மஞ்சளையும் சிவப்பையும் மாற்றி மாற்றி வைத்துக் கன்னத்தைச் செய்தார். "ஆடாம இரு, மூக்கு கோணப்போகுது" என்று அவர் அதட்ட, "எனக்குப் பசிக்குது காக்கா, நோன்பெண்டாலும் தொறக்கிற நேரமெண்டு ஒண்டு இரிக்கி" என்று அவள் சிணுங்குவாள். முடிந்த படத்தைப் புளொப்பியில் 'றுஸ்னா' என்ற பேரிலேயே பதிந்து வைத்தார்.

அடுத்த பெருநாளுக்குப் பிறகு நஸ்லியாவின் கலியாணம். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை முனாஸ் பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். முதல் கிழமை மாப்பிள்ளைக்கு வேலையே இல்லை. சாப்பிடவேண்டும், உறங்கவேண்டும், வருகிறவர்களுக்கு முகம் காட்டவேண்டும். அலுத்துப்போன மனிதர் கம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்து, கூடவே வந்த புத்தகத்தைப் பார்த்து, கார் ஓடுகிற விளையாட்டு ஒன்றை மூன்று நாளாகத் தட்டி எழுதினார். தொடவேண்டாம் என்று புது மாப்பிள்ளையிடம் யார் சொல்வது? உம்மா அவர் எதிரில் வந்ததே இல்லை. காக்கா, மச்சானின் மனம் கோணக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவார்.

"மச்சான், பதியிறதுக்குப் பேர் கேக்குது" என்றாள் பக்கத்தில் நின்று புத்தகத்தை வாசித்துக் கொடுத்த றுஸ்னா.

"என்ன பேர் போடுற?"

"உங்கட பேரப் போடுங்க."

"என்ட பேர் எதுக்கு? பிழை பிழையாச் சொல்லித் தந்தது நீதானே. உன்ட பேரையே போடுவம்."

தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்ற நஸ்லியாவுக்கு அந்தப் பெயரில் ஏற்கெனவே என்ன இருக்கிறதென்று தெரியும். வாய் வரவில்லை. அந்த மனிதரோடு அவள் அதுவரை பேசியதெல்லாம் "சீனி போதுமா" என்பது மட்டும்தான். மெசின் வேறெதுவும் கேட்கவில்லை. படத்தின் மேல் கார் ஏறிவிட்டது.

விசயம் தெரிந்தபோது றுஸ்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ராத்தா, உன்ட மாப்பிள்ள என்னை அழிச்சுப்போட்டார்! அழிஞ்சா அழியட்டும் காக்கா, நான் உசிரோட இரிக்கிறன்தானே, இன்னொண்டு வரையலாம்."

காக்கா பிறகு வரையவில்லை. தான் கலியாணம் முடித்துச் சம்மாந்துறைக்குப் போனபோது கம்பியூட்டரையும் புளொப்பியையும் கொண்டுபோய்விட்டார்.

இப்போது அந்தப் புளொப்பி கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் முர்ஷிதின் கம்பியூட்டர் கடையில் இருந்தது. பழைய மெசின்கள் என்றால் அவனுக்குப் பைத்தியம். பூஞ்சணம் பிடித்த தட்டைப் பஞ்சால் துடைத்து, இதற்கென்றே தேடி வைத்திருந்த பழைய ட்ரைவில் போட்டு, அதில் கிடந்ததை அப்படியே ஒரு பிரதி எடுத்திருந்தான். நஸ்லியாவும் முனாஸும் ஆளுக்கொரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார்கள்.

"மாமி, இது எப்பிடியெண்டா, புதுசு எழுதினா பழசின்ட பேர்தான் முதல்ல போகும். ஆள் அங்கதான் கிடப்பார். மேல இன்னொராள் வந்து படுக்கிற அளவுக்குத்தான்…" சொல்லிக்கொண்டு வந்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "உங்கட காக்கா பிறகு இதுல ஒண்டுமே எழுதல்ல. அது நல்லதாப் போச்சு. கார் சின்னது, படம் பெரிசு. மிச்சம் கிடக்கு."

திரையில் படம் வந்தது.

மேற்பகுதி முழுக்கச் சிவப்பும் நீலமுமாய்த் தூள். அதன் கீழே ஒரு வாய். மேலுதட்டில் பாதி தூளுக்குள் போயிருந்தது. பிறகு நாடி, கழுத்து, பச்சைச் சட்டை, மடியில் இரண்டு கை. இடக்கை வலக்கையைவிடப் பெரிதாயிருந்தது, காக்காவுக்குக் கை வரைய வராது.

நஸ்லியா குனிந்து பார்த்தாள். அந்த நாடியில் இருந்து மேலே ஏறிப் போய்விடலாம் என்று இரண்டு நாளாக நம்பிக்கொண்டிருந்தாள். ஏறினாள். தூள்தான் வந்தது.

"மிச்சம்?"

"மிச்சம் இல்ல மாமி. அதுக்குள்ள கார்தான் இரிக்கி." முர்ஷித் தலையைச் சொறிந்தான். "விருப்பமெண்டா ஒண்டு செய்யலாம். இப்ப ஏஐ இரிக்கிதானே, கீழ்ப்பாதியக் குடுத்தா மேல்பாதியப் போட்டுத் தரும்."

"போடுங்க மகன்" என்றார் முனாஸ் அவசரமாக.

சிறிது நேரத்தில் ஒரு பெண்பிள்ளை திரையில் இருந்து நஸ்லியாவைப் பார்த்தாள். பெரிய கண், வில்லாய் வளைந்த புருவம், வழுவழுத்த நெற்றி. அழகான பிள்ளை.

"ஓம்! ஓம், இவதான்!" முனாஸ் கதிரையை விட்டு எழுந்தார். "பாரு புள்ள, றுஸ்னாதான். அல்ஹம்துலில்லாஹ்."

"இவ இல்ல."

"எப்பிடிச் சொல்லுறாய்? இத்தின வருசத்துக்குப் பிறகு உனக்கு என்ன…"

"புருவம் இப்பிடியில்ல. அவக்கு ரெண்டும் நடுவுல முட்டும். உம்மா எண்ணெய் பூசி அழுத்தி விடுவா." சொன்ன பிறகுதான் அது தனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்தது. "நெத்தி இவ்வளவு இல்ல. முடி கீழ வரைக்கும் இறங்கி இரிக்கும்."

திரையில் இருந்தவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க, இல்லாதது எது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கூடவே பயமும் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் இவள் வந்து உட்கார்ந்துவிடுவாள். மகளைப் போல. பிறகு எழுப்ப முடியாது.

"மூடுங்க மகன். அழிச்சிருங்க. எனக்குப் பாதி போதும்."

கீழ்ப்பாதியை முர்ஷித் தடித்த தாளில் அச்செடுத்துக் கொடுத்தான். ஓட்டோவில் ஏறியதும் முனாஸ் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சாய்ந்தமருது எல்லையில் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் வேணுமெண்டு செய்யல்ல புள்ள."

"அது எனக்குத் தெரியும்."

"அவ சந்தோசப்படுவா எண்டுதான் பேரப் போட்டன்."

"தெரியும் எண்டுறனே."

அவர் தொண்டையைக் கனைத்தார். "சிரிக்கக்குள்ள பல்லுக்கு மேல அவட முரசு தெரியும். கையால பொத்துவா. அண்டைக்கு, அழிச்சுப்போட்டார் எண்டு சிரிக்கக்குள்ள மட்டும் பொத்தல்ல."

நஸ்லியா திரும்பி அவரைப் பார்த்தாள். இது அவளிடம் இல்லை. எவ்வளவு துழாவியும் அவளிடம் இல்லாத ஒன்று, இத்தனை வருடம் பக்கத்திலேயே உறங்கிய இந்த மனிதருக்குள் கிடந்திருக்கிறது. பொறாமை போல ஏதோ ஒன்று அவளைக் குத்தியது.

"எந்தக் கையால?"

"ஆ?"

"பொத்துறது எந்தக் கையால எண்டு கேக்கிறன்."

முனாஸ் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்தார். பிறகு ஒன்றை மெல்ல வாய்க்குக் கொண்டுபோய், இல்லை என்று இறக்கி, மற்றதைத் தூக்கினார்.