வேலியோரத்து உப்பு

"இவ்ளோ உப்பத் தின்னா மரத்துக்குத் தாகம் எடுக்காதாப்பா? அப்புறம் அது யாரு தண்ணியக் குடிக்கும்?"

பொன்மலர் இதைக் கேட்டபோது இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. அவள் அப்பா கிருபானந்தம் வேலியோரத்துத் தென்னைகளுக்குக் குழி பறித்து உப்பைக் கொட்டிக்கொண்டிருந்தார். தென்னைக்கு உப்பென்றால் உயிர் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடினார்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு தோல் ஷாப்பின் கிடங்கில் அவருக்கு வேலை. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவி வரும். அதை உதறினால் விழுகிற உப்பு வெளியே குவிந்து கிடந்து, மழையில் கரைந்து பாலாற்றுக்குப் போகும். அதைப் பார்க்க அவருக்கு மனம் பொறுக்கவில்லை. கர்த்தர் கொடுத்த எதையும் வீணாக்கக் கூடாது என்று நம்புகிறவர் அவர். அரிசி கழுவிய தண்ணீர் அவர் வீட்டில் கீரைப் பாத்திக்குப் போகும். கிழிந்த லுங்கி கரித்துணியாகும். அப்படிப்பட்டவர் உப்பை ஆற்றில் விடுவாரா? மேஸ்திரியிடம் கேட்டு, சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்தார். தென்னைக்கு உப்பு வைப்பது எல்லோரும் செய்வதுதான். மற்றவர்கள் கையளவு வைப்பார்கள். சும்மா கிடைத்ததால் இவர் சாக்குச் சாக்காக வைத்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஹலீமா பீயின் கிணறு. கிணற்றைச் சுற்றி மல்லிகைச் செடிகள். புருஷன் போன பிறகு அந்தப் பூதான் அவளுக்குச் சோறு போட்டது. விடியுமுன் பறித்து, கட்டி, கடைத்தெருவுக்கு அனுப்பிவிடுவாள்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. தை பிறந்தபோது மல்லிகை இலைகள் ஓரம் கருகத் தொடங்கின. ஒருநாள் அவள் வேலியோரம் கூப்பிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்க தம்பி. இனிமே சோத்துக்குத் தனியா உப்பு போட வேணாம்."

ஒரு வாய் குடித்தார். விழுங்க முடியவில்லை. தெருவில் மற்றக் கிணறுகள் நன்றாகத்தான் இருந்தன. குனிந்து பார்த்தார். அவருடைய தென்னைகளின் அடியிலிருந்து வேலியைத் தாண்டி, சரிவில் கிணற்றுவரை மண் வெள்ளையாகப் பூத்திருந்தது.

சொல்லிவிடத்தான் நினைத்தார். "அக்கா..." என்று ஆரம்பித்தார்.

"தோல் ஷாப்புத் தண்ணி இங்கயும் வந்துடுச்சு போல. இன்னா பண்றது?" என்றாள் ஹலீமா பீ. பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "நீங்க அங்க வேல செய்றவரு. உங்களச் சொல்லல தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

அவர் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அன்றே தென்னை மரத்தடியைத் தோண்டத் தொடங்கினார். உப்பேறிய மண்ணைச் சாக்குகளில் அள்ளினார். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஆற்றில் போட்டால் ஆற்காட்டுக்காரர்கள் குடிப்பார்கள். புறம்போக்கில் போட்டால் அங்கேயும் யாருடைய கிணறாவது இருக்கும். உலகத்தில் அதற்கென்று இடமே இல்லாததுபோல் தோன்றியது. கடைசியில் சிமெண்டுத் தரை போட்ட பின் அறையைக் காலி செய்து, மூட்டைகளை அங்கே அடுக்கினார். மழையும் படாமல், மண்ணுக்குள்ளும் இறங்காமல் வைக்க அது ஒன்றுதான் இடம்.

மனைவி ஜெயபுஷ்பம் வாசலில் நின்று பார்த்தாள். "மத்தவங்க வீட்ல நெல்லு மூட்ட அடுக்குவாங்க. நம்ம வீட்ல மண்ணு மூட்ட. நல்லா பொழைச்சோம்" என்றாள். ஆனாலும் படுக்கைகளை முன் அறைக்கு அவளே எடுத்துப் போட்டாள்.

செடிகள் பிழைக்கவில்லை. ஹலீமா பீ ஒவ்வொன்றாகப் பிடுங்கி அடுப்பெரித்தாள். வாசனையே இல்லாத புகை வேலியைத் தாண்டி வந்தது. ஒரே ஒரு செடி மட்டும், பாதி காய்ந்தும் பாதி பச்சையுமாக, அவள் கைக்குத் தப்பி நின்றது. வாணியம்பாடியில் மகள் ஷஹீன் பானுவுக்குப் பிரசவம் என்று ஆள் வந்ததும், வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாள். பூ இருந்தால் சீக்கிரம் திரும்புவாள். இப்போது எப்போது வருவாள் என்று அவளே சொல்லவில்லை.

அடுத்த மழை அரைகுறையாகத்தான் வந்தது. கிருபானந்தம் ஓட்டு இறவாரத்தில் தகரத்தை வளைத்துக் கட்டி, கூரைத் தண்ணீர் பீப்பாயில் விழும்படி செய்திருந்தார். பீப்பாய் முக்கால்வாசி நிறைந்தது. வீட்டில் குடிக்கவும் அந்தத் தண்ணீர்தான் என்று ஜெயபுஷ்பம் மகிழ்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் பொன்மலரும் கோயிலுக்கு முன்னே போய்விட்டார்கள். பின்னால் வருவதாகச் சொன்னவர் குடத்தை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினார். தப்பி நின்ற அந்த மல்லிகைச் செடியின் அடியில் உப்புப் பூத்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, தன் கீரைப் பாத்தி மண்ணைப் போட்டு அணைத்தார். பிறகு வேரில் ஏறிய உப்பைக் கழுவிவிடட்டும் என்று மழைத் தண்ணீரைக் குடம் குடமாக, மெல்ல மெல்ல ஊற்றினார். பீப்பாயின் அடி தெரியும்வரை ஊற்றினார்.

அது பிழைக்குமா என்று அவருக்குத் தெரியாது. தூரத்தில் ஆராதனை மணி அடித்தது. செடியின் அடியில் தேங்கிய தண்ணீர் இறங்கும்வரை, பூட்டிய வீட்டின் பக்கத்தில் குந்தியிருந்தார்.