ஒட்டாததை அளந்தவள்

...ஒட்டாததை அளந்தோம், ஒட்டியதை எங்கே அளந்தோம், நாலு மாதமாக இது எப்படிப் புத்தியில் உறைக்காமல் போயிற்று, காலையில் பால் பாத்திரம் கழுவும்போதல்லவா உறைத்துத் தொலைத்தது. டம்ளரில் ஊற்றிக் குடித்த பால் நன்றாகத்தான் இருந்தது, பாத்திரத்தின் அடியில் பிடித்ததுதான் திரிந்து, தீய்ந்து, சுரண்டச் சுரண்ட வராமல்... கையில் நாரோடு அப்படியே நின்றுவிட்டாள். குடித்த பாலை ருசி பார்த்துவிட்டு அடிப்பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுப்பவளை என்னவென்று சொல்வது? அதைத்தான் அவள் செய்திருந்தாள், பாலுக்குப் பதில் ரத்தத்தின் புரதம், பாத்திரத்துக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள், புரதம் கெடவில்லை என்ற அறிக்கையின் கீழே அவள் கையெழுத்து. இன்று பதினோரு மணிக்கு அந்தத் துகளை மருந்தென்று அண்ணனின் கை நரம்பில் ஏற்றப் போகிறார்கள். இப்போது மணி பத்து இருபது.

ஆய்வகத்தில் ஒளியைப் பாய்ச்சிப் புரதத்தை அளக்கும் இயந்திரத்துக்கு என்ன அவசரம், வாயுக் குழாய் ஸ்ஸென்று சீறிக்கொண்டிருக்க, திரையில் கோடு வலமிருந்து இடமாக ஊர்ந்துகொண்டிருந்தது, முடிய இன்னும் இருபது நிமிடம். புரதம் மடிப்புக் கலையாமல் இருந்தால் கோட்டில் இரண்டு ஆழமான பள்ளங்கள் விழும். துகளின் மேல் ஒட்டிப் போய் மடிப்புப் பிரிந்து பப்பரப்பா என்று விரிந்துவிட்டதென்றால் பள்ளம் தூர்ந்துவிடும். விரிந்து கிடப்பதை உடம்புக்கு அடையாளம் தெரியாது, ரத்தத்தின் காவல்காரர்கள் சொந்த வீட்டு ஆளையே திருடன் என்று பாய்வார்கள், அப்புறம் காய்ச்சல், வீக்கம், ரத்தம் உறைந்து மூச்சு... வேண்டாம், அதற்கு மேல் நினைக்காதே. இதே மருந்தை ஏற்றிய எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றது ஒரு மனம், எலியின் ரத்தம் எலியின் ரத்தம்தானே என்றது இன்னொன்று. நாலு மாதத்துக்கு முன், அறிக்கைக்காகத் துகளோடு சேர்த்துத்தான் முதலில் அளந்தாள், தங்கம் ஒளியைச் சிதறடித்ததில் கோடு நடுங்கியது. “கோடு ரொம்ப ஆடுது மேடம்” என்று போய் நின்றாள். ஆய்வகத் தலைவி தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மெஷின்ல வேகமா சுத்திட்டா துகள் கீழ போயிடும்ல. மேல தெளிஞ்சு நிக்கிறத அள, அழகா வரும்.” அழகாகத்தான் வந்தது. துகள் அடியில் படிந்தபோது ஒட்டிய புரதமும் கூடவே போய்விட்டது, மேலே நின்றது ஒட்டாமல் தப்பித்தது, தப்பித்தவனைப் போய் அடிபட்டதா என்று கேட்டால் வேறென்ன சொல்வான்? மேடத்தைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு ஆயிரம் வேலை. மேலே தெளிந்ததை உறிஞ்சி எடுத்தது இந்தக் கை, அடியில் செம்பழுப்பாகக் கிடந்ததைக் கண்ணால் பார்த்ததும் இந்தக் கண்தான்.

இன்று காலை ஓடி வந்து, புரதத்தையும் துகளையும் கலந்து, காத்திருந்து, சுழற்றி, அந்த அடியில் கிடந்ததைத்தான் குப்பிக்குள் போட்டிருந்தாள். போன் அதிர்ந்ததும் உடம்பு தூக்கிப்போட்டது. அண்ணி. “குட்டி, ஊசி குத்தியாச்சு. இப்ப வெறும் தண்ணிதான் ஏறுது, மருந்து பதினோரு மணிக்காம். இந்தா, உங்க அண்ணன் பேசணுமாம்.” அண்ணன் குரல் மெலிந்திருந்தது, கிண்டல் மட்டும் இளைக்கவில்லை. “ஏம்மா, பொறந்ததுலேருந்து ஒரு பொட்டுத் தங்கம் என் மேல பட்டதில்ல, இன்னிக்கு ரத்தத்துலயே ஓடப் போகுது. இனிமே உங்க அண்ணி என்னைத் தனியா வெளிய விடமாட்டா பாரு.” சிரித்தாள், அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. சொல், இப்போதே சொல்... என்னவென்று சொல்வது? இன்று வேண்டாம் என்றால் மருந்துச் சோதனையில் அவன் இடம் அடுத்தவருக்குப் போய்விடும், ஈரலில் இருக்கும் கட்டி அதுவரை வரிசையில் நிற்குமா, பழைய மருந்து இரண்டும் கைவிட்டாயிற்று, இது ஒன்றுதான் மிச்சம். ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு அவனுக்கு மிஞ்சிய ஒரே மருந்தை நிறுத்துவதா, அதே சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஏற்ற விடுவதா? கோடு முடியட்டும். “கொஞ்ச நேரம் கண்ண மூடிப் படுண்ணா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டாள்.

முதல் பள்ளம் வந்தது. வந்ததே ஒழிய, இருக்க வேண்டிய ஆழத்தில் பாதிகூட இல்லை. இரண்டாவது அதைவிட மேலாக, நடுங்கிக்கொண்டு... குப்பியில் குமிழி ஏதாவதா? அடியில் எவ்வளவு புரதம் இருந்ததென்றே சரியாகத் தெரியாதபோது ஆழத்தை எப்படி நம்புவது? மூன்று முறை அளந்தால்தான் யாரும் ஒப்புக்கொள்வார்கள், அதற்கு ஒரு மணி நேரம் வேண்டும், மணியோ பத்து நாற்பத்திரண்டு. கொஞ்சம் விரிந்தால் உடம்பு பொறுத்துக்கொள்ளும், பொறுக்காமலும் போகும், யார் கண்டது, அவளும் காணவில்லை, காணாததைக் கண்டதாக எழுதினாள். அண்ணனுக்கு மருந்து ஏற்றும் மருத்துவரின் எண் எழுதிய சீட்டு திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. சந்தேகமாக இருக்கிறது என்ற ஒரு சொல் போதும், அடுத்த நிமிடமே நிறுத்திவிடுவார். இனி யோசிக்காதே என்று போனை எடுத்தாள், அழுத்தினாள், காதில் மணி அடித்தது, இரண்டு, மூன்று, எடுக்க ஏன் இத்தனை நேரம் என்று போன் திரையைப் பார்த்தாள். அழுத்தியிருந்தது அண்ணனின் எண். கண் அங்கே இருக்க விரல் ஏன் இங்கே போயிற்று? மருத்துவர் கேள்வி கேட்பார், எப்போது தெரியும் என்பார், யார் கையெழுத்து என்பார். அண்ணன் ஒன்றும் கேட்க மாட்டான், நீ சொன்னா சரிம்மா என்பான், ஏற்றச் சொன்னாலும் அதையே சொல்வான், பிறகு என்ன ஆனாலும் இவளைக் குறைசொல்ல ஒருவரையும் விடமாட்டான். நிறுத்தக்கூடியவரை விட்டுவிட்டு மன்னிக்கக்கூடியவனைக் கூப்பிட்டிருக்கிறாள். வைத்துவிடு, வைத்துவிட்டு அங்கே கூப்பிடு என்று நினைக்கும்போதே மணி நின்றது.

“சொல்லும்மா” என்றான் அண்ணன். அவள் சீட்டிலிருந்த மருத்துவரின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன, பயமா இருக்கா உனக்கு?”