தொடாமல் எடுத்த அளவு

கார்க் கதவை அறைந்து சாத்திய சத்தத்திலேயே ஹெப்சிக்குத் தெரிந்துவிட்டது, வருகிறவர் சண்டைக்குத்தான் வருகிறார் என்று. ரைஸ்மில் ரங்கசாமி. அவள் தைத்துக் கொடுத்த துப்பாக்கி உறையைத் தோல் வெட்டும் பலகைமேல் வீசினார்.

“இன்னாம்மா தைச்சிக்கிற? நேத்து வூட்ல பத்து பேரு முன்னாடி சொருவுறேன், பாதியில மாட்டிக்கிச்சி. உள்ளயும் போவல, வெளியவும் வர்ல. என் மச்சான் வுழுந்து வுழுந்து சிரிக்கிறான்.”

அந்த மச்சான் சிரித்தது சின்ன விஷயம் இல்லை. வேலூரில் செக்யூரிட்டி கம்பெனி நடத்துகிறவர். பேங்க் வண்டியோடு போகிற ஆட்களுக்கு முப்பது உறை வேண்டும், முதலில் ரங்கசாமிக்கு ஒன்று தைத்துக் காட்டட்டும் என்று சொல்லியிருந்தார். அந்த முப்பதை நம்பித்தான் ஹெப்சி ஆம்பூர் ஷூ கம்பெனி வேலையை விட்டாள். ஒடுகத்தூரிலிருந்து மலை ஏறும் சாலையோரம் இந்தத் தகரக் கொட்டகையைப் போட்டாள்.

“துப்பாக்கிய எடுத்துக்கினு வாங்கன்னு மூணு வாட்டி சொல்லி அனுப்பினேங்க.”

“அளவுதான் குடுத்தேனே?”

கொடுத்திருந்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் துப்பாக்கியைப் படுக்கவைத்துப் பேனாவால் சுற்றி வரைந்த படம். கொண்டுவந்த டிரைவர் அர்ச்சுனன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “ஆயுத பூஜையில வெச்சி கும்புட்றதாம்க்கா. தோல் வேல செய்ற கை படக்கூடாதுன்றார்.”

அன்றைக்கே அந்தத் தாளைக் கிழித்து அவன் கையில் கொடுத்திருக்க வேண்டும். முப்பது என்ற எண் அவள் வாயைத் தைத்துவிட்டது. அந்தக் கோட்டை வைத்தே வெட்டினாள், தைத்தாள். நீளம் சரி, அகலம் சரி. ஆனால் ரிவால்வருக்கு நடுவில் குண்டு போடுகிற உருளை தொப்பை மாதிரிப் புடைத்திருக்கும். தட்டைக் கோட்டில் தொப்பை ஏது?

“தோல ஊறவெச்சி, துப்பாக்கி மேல போத்தி, ஈரத்தோட கட்டவெரலால அமுக்கணுங்க. அப்பதான் அந்த உருவம் தோல்ல எறங்கும். கோட்டப் பாத்து தைச்சா இப்படித்தான்.”

“அதெல்லாம் முடியாதும்மா. தப்பா எடுத்துக்காத. பூஜைப் பொருளு.”

“நான் தைச்ச தோலு உங்க இடுப்புல நாள் பூரா ஒட்டிக்கினு கெடக்கலாம். என் கை மட்டும் படக்கூடாதுங்களா?”

மூலையில் மெழுகு நூல் திரித்துக்கொண்டிருந்த அவள் கணவன் கிளமென்ட் எழுந்து வந்தான். கையில் சாப்பாடு மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் சுருள். “ஈரம் பட்டா துருப் புடிக்கும்னு எப்பவும் இத சுத்திட்டுதாங்க அமுக்குவோம். நீங்களே சுத்திக் குடுங்க” என்றான், சண்டை முடிந்தால் போதும் என்று.

ரங்கசாமியின் முகம் மலர்ந்தது. “அட! இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? கவர் சுத்திட்டா கை படாது பாரு!” இடுப்பிலிருந்து ரிவால்வரை எடுத்துக் குண்டுகளை உதிர்த்தார். “முப்பதும் உனக்குத்தாம்மா. நான் சொல்றேன் மச்சான்கிட்ட.”

அவர் உறையை வீசியபோது கூட அவளுக்கு இவ்வளவு எரியவில்லை. அந்தக் ‘கை படாது’தான் எரித்தது. கிளமென்ட் கையிலிருந்த சுருளைப் பிடுங்கினாள்.

“இது துப்பாக்கிக்குத் துருப் புடிக்காம இருக்கறதுக்கு. நான் தொடாம இருக்கறதுக்கு இல்ல.”

“ஹெப்சி...” என்றான் கிளமென்ட்.

“நீ சும்மா இரு. கவர் இல்லாம குடுக்கச் சொல்லு.”

“துருப் புடிக்குமேம்மா!” என்றார் ரங்கசாமி.

“புடிச்சா எண்ண போட்டு நானே தொடச்சித் தர்றேன். வெறுங்கையால.”

ரங்கசாமி குண்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டார். “பொம்பளைக்கு இவ்ளோ திமிரு ஆவாது. அந்த முப்பதும் போச்சின்னு நெனச்சிக்க” என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தார்.

கார் கிளம்பவில்லை. அர்ச்சுனன் மட்டும் தயங்கித் தயங்கி வந்தான். “யக்கா, அந்த உறையாச்சும் குடுத்தனுப்பச் சொல்றார். லூசு பண்ணிப் பாத்துக்குவாராம்.”

தோல் வேண்டும், கை வேண்டாம்! ஹெப்சி உறையைத் திருப்பிப் போட்டு, இடுப்பு பெல்ட் நுழைகிற வாரைக் கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்தாள்.

“இந்தா, குடு. இடுப்புலதான மாட்ட முடியாது? பூஜையில வெச்சி கும்புடட்டும்.”

அர்ச்சுனன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். சிரிப்பை மறைக்க இருமினான்.

கார் இறக்கத்தில் மறைந்தது. “முப்பதும் போச்சேம்மே” என்றான் கிளமென்ட். “தெரியும்” என்றாள். பேர்ணாம்பட்டுக்காரர் ஒருவர் கேட்டிருந்த பெல்ட்டுக்குப் புதுத் தோலை விரித்து ஸ்கேலை வைத்தாள். முதல் கோடு கோணலாகப் போனது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஸ்கேலைத் தள்ளி வைத்து மறுபடி அளந்தாள்.